சார்ஜ் (ஆங்கிலச் சொல்)

சார்ஜ் என்பது ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லாகவும் வினைச்சொல்லாகவும் வழங்கும் ஒரு சொல் ஆகும். கட்டணம், குற்றச்சாட்டு, பொறுப்பு, பாய்ந்து தாக்குதல், மின்னூட்டம் எனத் தொடர்பற்றவை போலத் தோன்றும் பல பொருள்களை இது தருகிறது. தமிழ்ப் பேச்சிலும் இச்சொல் ஏறக்குறைய எல்லாப் பொருள்களோடும் புழங்குகிறது. பஸ் சார்ஜ், செல்போனுக்குச் சார்ஜ் போடுதல், சார்ஜ் ஷீட், லத்தி சார்ஜ், புதிய அதிகாரி சார்ஜ் எடுத்தல் ஆகியவை அன்றாடம் கேட்கும் தொடர்கள். இவை அனைத்தும் 'சுமை ஏற்றுதல்' என்ற ஒரே மூலப்பொருளிலிருந்து கிளைத்தவை. அந்த மூலத்தை அறிந்தால் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

சொற்பிறப்பு

இலத்தீனில் 'கார்ரஸ்' என்றால் வண்டி. அதிலிருந்து வண்டியில் சுமை ஏற்றுதலைக் குறிக்கும் 'கார்ரிகாரே' என்ற வினை பிற்கால இலத்தீனில் உருவானது. இது பழைய பிரெஞ்சு மொழி வழியாக 13ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்துக்கு வந்தது. கார், கேரி, கார்கோ ஆகிய சொற்களும் இதே வண்டி வேரைச் சேர்ந்தவை. ஒருவரின் முகக்கூறுகளை மிகைப்படுத்தி வரையும் கேலிச்சித்திரத்தைக் குறிக்கும் 'கேரிகேச்சர்' என்ற சொல்லும் அளவுக்கு மேல் சுமையேற்றுதல் என்ற கருத்தில் இத்தாலிய மொழி வழியாக வந்ததே.

பணமும் சொத்தும்

ஒருவர் மீது ஏற்றப்படும் பணச்சுமையே கட்டணம். 'சர்வீஸ் சார்ஜ்' என்பது சேவைக் கட்டணம். 'ஃப்ரீ ஆஃப் சார்ஜ்' என்றால் கட்டணமின்றி. ஏற்கெனவே உள்ள கட்டணம் அல்லது வரியின் மேல் மீண்டும் ஏற்றப்படுவது 'சர்சார்ஜ்'.

சொத்துச் சட்டத்தில், கடன் அல்லது கடப்பாட்டுக்குப் பிணையாக ஒரு சொத்தின் மீது சுமத்தப்படும் உரிமையும் சார்ஜ் எனப்படும். இந்தியாவில் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 100 இதனை விளக்குகிறது. இந்திய அரசியலமைப்பின் 112ஆவது உறுப்பு, குடியரசுத் தலைவரின் ஊதியம், உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம் போன்ற செலவுகளைத் தொகுப்பு நிதியின் மீது 'சார்ஜ்' செய்யப்பட்டவை என்கிறது. இவற்றை நாடாளுமன்றம் விவாதிக்கலாம். ஆனால் வாக்கெடுப்புக்கு விடுவதில்லை.

பொறுப்பு

கடமை என்பதும் ஒரு சுமையே. 'இன் சார்ஜ்' என்றால் பொறுப்பில் இருப்பவர். தூதர் இல்லாதபோது தூதரகப் பொறுப்பை வகிப்பவரைக் குறிக்கும் பிரெஞ்சுப் பதவிப் பெயரிலும் இச்சொல் உண்டு. ஒரு சிறு வேறுபாட்டை மாணவர்கள் கவனிக்க வேண்டும். செவிலியர் குழந்தைக்கு 'இன் சார்ஜ் ஆஃப்' என்றால் பொறுப்பாளர் செவிலியர். 'இன் தி சார்ஜ் ஆஃப்' என்று நடுவில் 'தி' வந்தால், அதற்கு முன்னால் வருபவர் மற்றவருடைய பொறுப்பில் இருக்கிறார் என்று பொருள்.

குற்றச்சாட்டு

ஒருவர் மீது பழியைச் சுமத்துவது குற்றச்சாட்டு. இங்கேதான் பிழையான புரிதல் பெரிய தீங்கைச் செய்யும். ஒருவர் 'சார்ஜ்டு' என்று செய்தியில் வந்தால், அவர் குற்றம் செய்தார் என்பது பொருளன்று. குற்றம் சாட்டப்பட்டிருக்கிறார் என்பது மட்டுமே.

பேச்சுவழக்கில் சார்ஜ் ஷீட் எனப்படும் குற்றப்பத்திரிகை, புலனாய்வு முடிந்தபின் காவல்துறை நீதிமன்றத்தில் அளிக்கும் அறிக்கை ஆகும். அதனைப் பரிசீலித்து, விசாரணைக்கு அடிப்படை உண்டு என்று கண்டால் நீதிமன்றம் குற்றச்சாட்டை வனையும். அதன் பிறகே சாட்சி விசாரணையும் தீர்ப்பும். போதிய அடிப்படை இல்லையெனில் குற்றச்சாட்டு வனையும் முன்னரே அவரை விடுவிப்பது 'டிஸ்சார்ஜ்' எனப்படும். விசாரணைக்குப் பின் குற்றவாளி அல்ல என்று விடுதலை செய்வது வேறு. அதற்கு ஆங்கிலத்தில் 'அக்விட்டல்' என்று பெயர்.

தாக்குதல்

துப்பாக்கியிலும் பீரங்கியிலும் வெடிமருந்து ஏற்றுவதும் சார்ஜ் எனப்பட்டது. ஆயுதத்தை ஆயத்தமாக்குதல் என்ற இப்பொருளின் வழியாகவே பாய்ந்து தாக்குதல் என்ற பொருள் வந்ததாகக் கருதப்படுகிறது. கிரிமியப் போரில் 1854 அக்டோபர் 25 அன்று பாலக்லாவாவில் சுமார் 670 பிரித்தானியக் குதிரைப்படையினர் உருசியப் பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்த நிகழ்வு 'சார்ஜ் ஆஃப் தி லைட் பிரிகேட்' என்று அறியப்படுகிறது. காவல்துறையின் தடியடியைக் குறிக்கும் 'லத்தி சார்ஜ்' இந்திய ஆங்கிலத்துக்கு உரிய தொடர்.

அறிவியல்

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெஞ்சமின் பிராங்கிளின் முதலியோர் லெய்டன் சாடியில் மின்சாரத்தைச் சேர்த்து ஆராய்ந்தனர். ஏற்றி நிரப்புதல் என்ற பொருளில் சார்ஜ் என்ற சொல் அக்காலத்தில் மின்னியலுக்குள் வந்தது. இன்று இயற்பியலில் இது பொருளின் அடிப்படைப் பண்புகளுள் ஒன்றைக் குறிக்கிறது. தமிழ்நாட்டில் மின்னூட்டம் என்றும், இலங்கைப் பாடநூல்களில் ஏற்றம் என்றும் வழங்கும். இதன் அலகு கூலோம். ஓர் எலெக்ட்ரானின் மின்னூட்ட அளவு சுமார் 1.602 × 10⁻¹⁹ கூலோம். அது எதிர்க்குறி உடையது.

செல்போனைச் சார்ஜ் செய்வதை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அப்போது மின்கலத்தில் சேர்வது வேதியாற்றலே. முழுவதும் ஏற்றிய மின்கலமும் மொத்தத்தில் மின்நடுநிலையில்தான் இருக்கும்.

டிஸ்சார்ஜ்

சுமையை இறக்குதல் என்பதே டிஸ்சார்ஜின் மூலப்பொருள். நோயாளி மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புதல், படைவீரர் பணியிலிருந்து விடுவிக்கப்படுதல், அணையிலிருந்து நீர் வெளியேறுதல், மின்னிறக்கம் ஆகியவை இதிலிருந்து வந்தவை.

பொருளை இனங்காணுதல்

வினைச்சொல்லாக வரும்போது அடுத்து வரும் முன்னிடைச்சொல் பெரும்பாலும் பொருளைக் காட்டிவிடும்.

'சார்ஜ் ஃபார்': ஒன்றுக்காகக் கட்டணம் பெறுதல்
'சார்ஜ் வித்': குற்றம் சாட்டுதல் அல்லது பொறுப்பை ஒப்படைத்தல்
'சார்ஜ் அட்': ஒருவரை நோக்கிப் பாய்தல்
'சார்ஜ் டு': ஒருவர் கணக்கில் செலவு எழுதுதல்

இவற்றுள் 'வித்' மட்டும் இரு பொருள் தருவதால் அதற்கடுத்த சொல்லையும் பார்க்க வேண்டும். கொலை, திருட்டு போன்ற குற்றத்தின் பெயர் வந்தால் குற்றச்சாட்டு. பணியின் பெயர் வந்தால் பொறுப்பு. மொழிபெயர்ப்பவர் இதைக் கவனிக்கத் தவறினால், ஒரு பணியை ஏற்றவர் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவராகிவிடுவார்.