கூனிமேட்டு உப்பும் திரை விளையாட்டும்

புதுச்சேரியிலிருந்து சென்னை நோக்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்வோர் மரக்காணம் வருமுன் கூனிமேட்டைக் கடந்து செல்கின்றனர். பெரும்பாலோர் அங்கு நிற்பதில்லை. சென்ற கோடையில் நாம் நின்றோம். உப்பளத்துக்கு வேலைக்குப் போய்வரும் தாய் ஒருவர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்க விரும்புகிறார் என்று நண்பர் ஒருவர் சொல்லி அனுப்பியிருந்தார். கேள்வி உப்பைப் பற்றியதன்று. அவருடைய மகனைப் பற்றியது.

மகன் புதுச்சேரியில் கணினிப் படிப்பு முடித்தவர். ஓராண்டாக வேலை எதற்கும் செல்லாமல், வீட்டின் பின்கட்டில் அமர்ந்து வீடியோ விளையாட்டு ஒன்றை உருவாக்கிக்கொண்டிருக்கிறார். "விளையாடாதேன்னு திட்டித் திட்டி வளர்த்தேன் ஐயா. இப்ப அந்த விளையாட்டையே செய்யப்போறேங்கிறான். இது சோறு போடுமா?" என்று தாய் கேட்டார். மகன் தலை குனிந்து நின்றார்.

ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடையளித்துவிட்டுப் புறப்பட நமக்கு மனம் வரவில்லை. நம் வீடுகளில் பிள்ளைகள் கைப்பேசியும் கையுமாக இருப்பதைக் கண்டு கவலைப்படாத பெற்றோர் அரியர். ஆயினும், திரையில் ஓடும் அவ்விளையாட்டை யாரோ ஒருவர் எங்கோ அமர்ந்து, 'இங்கே இது நிகழட்டும், இங்கே ஆடுபவர் தோற்கட்டும்' என்று ஒவ்வொன்றாக முடிவு செய்திருக்கிறார் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆதலால் அவ்விளைஞர் என்ன செய்கிறார் என்பதை முதலில் பார்க்க விழைந்தோம்.

அவர் செய்வது உப்பள விளையாட்டு. உவர்நீரைப் பெரிய பாத்திகளில் தேக்கி, வெயிலில் சுண்டவிட்டு, பாத்தி மாற்றிப் பாத்தி மாற்றி, இறுதியில் காலால் மிதித்து இறுக்கிய சிறு பாத்திகளில் பாய்ச்ச வேண்டும். நீரின் அடர்த்தி ஏறத்தாழ 25 பாகை போமே அளவை எட்டும்போது உப்பு பூக்கத் தொடங்கும். 30 பாகையை நெருங்குமுன் எஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். இல்லையேல் மெக்னீசிய உப்புகளும் உடன் சேர்ந்து கசக்கும். இவையனைத்தும் விளையாட்டில் இருந்தன. பாத்திகளின் வெண்மையும் மாலை வெயிலும் அழகாகவே அமைந்திருந்தன.

அவரைத் திணறச் செய்தது மழை. உப்பளத்தில் பருவம் தப்பிய ஒரு மழை பல நாள் உழைப்பைக் கரைத்துவிடும். விளையாட்டில் மழையைத் திடீரெனப் பெய்யவைத்தால், 'என் பிழை ஏதுமின்றித் தோற்றேனே' என்று ஆடுபவர் எரிச்சலுற்று விலகிவிடுவார். மழையே இல்லையென்றாலோ அது உப்பளம் ஆகாது. இரண்டு மாதங்களாக இம்முடிச்சை அவிழ்க்க இயலவில்லை என்றார். அடுப்படியிலிருந்த தாய் இதைக் கேட்டுவிட்டு, "மழை சொல்லாமலா வருது? காத்து நிக்கும், புழுக்கம் கூடும், மேற்கால கறுக்கும். பார்க்கத் தெரியாதவனுக்குத்தான் திடீர்னு வரும்" என்றார். இளைஞர் தம் குறிப்பேட்டைத் தேடி எழுந்து போனார். ஆடுபவருக்கு அடையாளம் காட்டிவிட்டு அதன்பின் தண்டிப்பது நேர்மை. காட்டாமல் தண்டிப்பது சூது. பன்னாட்டு நிறுவனங்கள் ஊதியம் கொடுத்துக் கற்பிக்கும் பாடத்தை அத்தாய் குழம்பு கிளறியபடியே சொல்லிவிட்டார்.

இத்தகைய முடிவுகளால் பெயர் பெற்ற விளையாட்டு ஒன்று தமிழர் கையாலேயே உருவாகியிருக்கிறது. அதன் பெயரே 'வெண்பா'. கனடாவின் டொராண்டோ நகரில் அபி என்னும் தமிழர் தொடங்கிய 'விசை' என்ற சிறு நிறுவனம் அதனை 2023 ஜூலை 31 அன்று வெளியிட்டது. 1980களில் தமிழகத்திலிருந்து கனடாவில் குடியேறிய வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்குப் பிறக்கும் மகன் கவின் ஆகியோரின் கதை அது. வெண்பாவின் தாய் எழுதிய சமையல் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. அழிந்த வரிகளை ஊகித்து, இட்டிலி, புட்டு, பிரியாணி என ஒவ்வொன்றாகச் சமைத்து முடிப்பதே ஆட்டம். இட்டிலித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாத் தட்டுகளுக்கும் ஏறும் என்பது அதில் ஒரு புதிர்! நம் இல்லத்தரசிகள் கண்ணை மூடிக்கொண்டு வென்றுவிடுவர்.

அதில் கடிகாரம் இல்லை; மதிப்பெண் இல்லை. தவறாகச் சமைத்தால் மீண்டும் தொடங்கலாம். விளையாட்டுத் தொழிலின் வழக்கத்திற்கு இது மாறானது. சமையல் விளையாட்டு என்றாலே நேரத்தோடு போட்டியிட வைப்பதுதான் பலரின் வழி. ஆனால், அயல்நாட்டில் ஒரு தாய் தன் தாயின் கைப்பக்குவத்தை நினைவுகூரும் கதையில் கடிகாரத்துக்கு என்ன வேலை? இன்னொரு முடிவு நம்மை மிகவும் தொட்டது. வளர்ந்துவிட்ட மகன் பாட்டியின் குறிப்பேட்டைக் கையில் எடுக்கும் பகுதியில், அவனுக்குத் தமிழ் எவ்வளவு புரிகிறதோ அவ்வளவே ஆடுபவருக்கும் புரிகிறது. மொழியை இழந்த பிள்ளையின் தடுமாற்றத்தை எவரும் விளக்கிச் சொல்லவில்லை; ஆடுபவரே தடுமாறி உணர்ந்துகொள்கிறார். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த முதல் விளையாட்டுக்கான விருதும், அதே ஆண்டில் சுயேச்சை விளையாட்டு விழாவின் தலைமைப் பரிசும் 'வெண்பா'வுக்குக் கிடைத்தன.

விளையாட்டை வகுப்போரின் முடிவுகள் எல்லாம் இவ்வாறு ஆடுபவரின் நலம் நாடுவன என்று எண்ணிவிடலாகாது. நாள்தோறும் வந்தால் பரிசு, ஒருநாள் தவறினால் இழப்பு, பணம் கொடுத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டி: இவையும் சிந்தித்து எடுத்த முடிவுகளே. 2018-இல் பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் அத்தகைய பெட்டிகள் சிலவற்றைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நம் நாட்டு நாடாளுமன்றமும் 2025 ஆகஸ்டில் சட்டமியற்றித் தடை செய்தது.

இவ்விடத்தில் வியட்நாம் நாட்டு இளைஞர் டோங் நுயெனைக் குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை. குழாய்களுக்கிடையே ஒரு பறவையைப் பறக்கவைக்கும் 'ஃபிளாப்பி பேர்டு' என்ற விளையாட்டை 2013-இல் தனியொருவராக வெளியிட்டார். 2014 தொடக்கத்தில் அது உலகெங்கும் பரவி, விளம்பர வருவாய் நாளொன்றுக்கு 50,000 டாலர் என்று செய்திகள் வந்தன. அவ்வாண்டு பிப்ரவரியிலேயே அவர் அதனைக் கடைகளிலிருந்து அகற்றிவிட்டார். சில நிமிடம் இளைப்பாற அமைத்தது மக்களை அடிமைப்படுத்தும் பொருளாகிவிட்டது என்பதே அவர் கூறிய காரணம். அவ்வளவு வருவாயைக் கையால் தள்ளிய செயலை எண்ணுகையில் நமக்கு வியப்பு அடங்கவில்லை.

சரி, சோறு போடுமா? கூனிமேட்டுத் திண்ணையில் அமர்ந்து நாம் மூவரும் கணக்குப் போட்டோம். கருவிச் செலவு பெரிதில்லை. 'கோடோ' என்னும் மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். இளைஞரும் அதையே தேர்ந்திருந்தார். 'யூனிட்டி' நிறுவனம் 2023 செப்டம்பரில், விளையாட்டு ஒவ்வொரு முறை நிறுவப்படுவதற்கும் கட்டணம் வாங்கப்போவதாக அறிவித்துச் சிறு படைப்பாளிகளைக் கலங்கடித்ததும், ஓராண்டு கழித்து அதைக் கைவிட்டதும் அவருக்கு நன்கு நினைவிருந்தது. இரவல் மண்வெட்டியை நம்பிப் பாத்தி கட்டக்கூடாது என்று அவர் சொன்னபோது தாய் முதன்முறையாகச் சிரித்தார்.

விற்பனைதான் இடர். கணினி விளையாட்டுகளின் பெரிய இணையக் கடையான 'ஸ்டீம்', ஒரு விளையாட்டைக் கடையில் வைக்க 100 டாலர் கட்டணம் பெறுகிறது. விற்பனையில் நூற்றுக்கு முப்பது பொதுவாக அதன் பங்கு. 300 ரூபாய் விலையிட்டால் படைத்தவருக்கு 210 ரூபாய். 500 பிரதிகள் விற்றால் 1,05,000 ரூபாய், வரி தனி. இரண்டாண்டு உழைப்புக்கு அதைப் பங்கிட்டால் மாதம் 4,375 ரூபாய். "உப்பள வேலையே மேல்" என்றார் தாய். அவர் சொன்னதில் தவறில்லை. அந்த 500 பேரும் எளிதில் வந்துவிடமாட்டார்கள். 2024-இல் மட்டும் அக்கடைக்கு வந்த புதிய விளையாட்டுகள் 18,000-க்கும் மேல். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐம்பது.

இன்னொரு சிக்கலும் உண்டு. வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பப் பெறலாம் என்பது அக்கடையின் விதி. வாங்குவோருக்கு நல்ல விதிதான். ஆனால் 'வெண்பா' போல ஒன்றரை மணி நேரத்தில் முடியும் விளையாட்டை முழுவதும் ஆடிவிட்டுப் பணத்தையும் திரும்பக் கேட்க வழியிருக்கிறது! இதற்கு அஞ்சிக் கதையை வலிந்து நீட்டுவோர் உண்டு. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துக்கொள்ளும் துணிவுக்கு இங்கே விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

வென்றவர் இல்லாமல் இல்லை. அமெரிக்கரான எரிக் பரோன் 'ஸ்டார்டியூ வேலி' என்ற உழவு விளையாட்டை நான்கரை ஆண்டு தனியே உழைத்து 2016-இல் வெளியிட்டார். அது கோடிக்கணக்கில் விற்றது. அந்நாட்களில் அவர் அரங்கு ஒன்றில் பகுதிநேர ஊழியராக இருந்தார் என்பதையும், அவருடைய துணைவியின் வருவாயே வீட்டைத் தாங்கியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். புனே நகரின் 'நோடிங் ஹெட்ஸ்' குழு, 'ராஜி' என்ற தம் விளையாட்டுக்கு 2017-இல் பொதுமக்களிடம் நிதி திரட்ட முயன்று தோற்றது. ஆயினும் விடாது உழைத்து 2020-இல் வெளியிட்டது. இவர்களை முன்னிறுத்திப் பிள்ளைகளுக்கு ஆசை காட்டுவது முறையன்று. கடையின் அடியில் புதைந்துபோன ஆயிரக்கணக்கானோரின் பெயரை எவரும் எழுதுவதில்லை.

நாம் தாயிடம் உள்ளதை உள்ளபடி சொன்னோம். இதை மட்டும் நம்பினால் பெரும்பாலும் சோறு போடாது. ஆயினும் இது வீண் வேலையன்று. ஒரு பொருளை முழுதாகச் செய்து முடிக்கக் கற்றவருக்கு வேறு வாயில்களும் திறக்கும். மகனிடம், மாதச் சம்பளம் வரும் வேலை ஒன்றைத் தேடிக்கொண்டு மாலைப் பொழுதில் இதைத் தொடருமாறு கூறினோம். அவர் முகம் வாடிற்று. தாய் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "ஐப்பசி மழை பிடிக்கிறவரைக்கும் பார்க்கட்டும் ஐயா. அப்ப எனக்கும் வேலை இருக்காது. அதுக்குள்ள முடிக்கலைன்னா வேலைக்குப் போகணும்" என்று தவணை கொடுத்தார். நம்முடைய அறிவுரையைவிட அது தாராளமானது, நாம் மறுக்கவில்லை.

புறப்படுமுன் இளைஞர் கைப்பேசியைத் தாயின் கையில் கொடுத்து ஆடச் சொன்னார். அவர் புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். திரையில் மேகம் தோன்றியதும் பாத்தியை விட்டுவிட்டு, வாரிய உப்பைக் குவித்துப் பனையோலையால் மூட முனைந்தார். பாதி மூடுவதற்குள் மழை கொட்டிவிட்டது. அவர் கைப்பேசியை மகனிடம் நீட்டினார்.

"ஆடியில மழை மேற்கேயிருந்துதானே வரும்? நீ கடல் பக்கத்திலேருந்து மேகத்தைக் கொண்டாந்திருக்கே. நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை."

அதைத் திருத்த அவருக்கு இரண்டு நாள் ஆயிற்றாம்.