மின்னஞ்சல் அறிவிப்பு எல்லார் திரையிலும் தெரியட்டும்

2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டதால் பாசிர் கூடாங்கில் 111 பள்ளிகள் மூடப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். அத்தகைய நேரத்தில் பள்ளியோ, பெற்றோர் ஆசிரியர் சங்கமோ, ஆலய நிர்வாகமோ அனுப்பும் மின்னஞ்சல், பெறுபவர் திரையில் வெற்றுக் கட்டமாகத் தெரிந்தால் என்ன பயன்? வண்ணமும் படமும் சேர்த்து எச்.டி.எம்.எல். முறையில் தயாரிக்கும் அஞ்சல்களுக்கு இந்தச் சிக்கல் அடிக்கடி வருகிறது.

காரணம் இதுதான். இணையப் பக்கத்தை உலாவி திறக்கிறது. மின்னஞ்சலையோ ஒவ்வொரு அஞ்சல் செயலியும் தன் போக்கில் காட்டுகிறது. அவுட்லுக் 2007 தொடங்கி, விண்டோஸ் கணினிக்கான பழைய வகை அவுட்லுக் பதிப்புகள் மைக்ரோசாஃப்ட் வேர்டைக் கொண்டே அஞ்சலைக் காட்டுகின்றன. அதனால் இணையப் பக்கத்தில் ஒழுங்காக நிற்கும் வடிவம் அங்கே கலைந்துபோகிறது.

இதற்கு என்ன செய்யலாம்?

முதலாவது, அஞ்சலின் அமைப்பை அட்டவணையாகக் கட்டுங்கள். சுமார் 600 பிக்சல் அகலம் போதும். நிறம், எழுத்தளவு ஆகியவற்றை அந்தந்த இடத்திலேயே குறியுங்கள். தலைப்பகுதியில் மொத்தமாக எழுதினால் சில செயலிகள் அதை நீக்கிவிடும்.

இரண்டாவது, நாள், நேரம், இடம் மூன்றும் எழுத்தாகவே இருக்கட்டும். சுவரொட்டியை அப்படியே படமாக ஒட்டி அனுப்பாதீர்கள். சில செயலிகள் படங்களைத் தாமாகக் காட்டுவதில்லை. படம் வைத்தே தீரவேண்டும் என்றால் அதற்கு மாற்று வாசகமும் எழுதுங்கள்.

மூன்றாவது, தமிழுக்கே உரியது. ஒரு காலத்தில் திஸ்கி, தாப் என வெவ்வேறு குறியீடுகளில் எழுதினோம். அதற்குரிய எழுத்துரு இல்லாதவர்களுக்குப் புரியாத குறிகளே தெரிந்தன. இன்று யூனிகோட் இருக்கிறது. அஞ்சலின் குறியீடு யுடிஎஃப்-8 என்று குறிப்பிட மறவாதீர்கள். ஆனால், அதில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் தேவை. ‘வணக்கம்’ என்ற ஒரு சொல்லுக்கே 21 பைட். ஏறக்குறைய 102 கிலோபைட்டைத் தாண்டும் அஞ்சலை ஜிமெயில் பாதியில் வெட்டி, மீதியை ஓர் இணைப்புக்குப் பின்னே மறைத்துவிடும். ஆகவே முக்கியச் செய்தி மேலே வரட்டும்.

நான்காவது, அலங்காரமில்லாத எழுத்துப் பிரதி ஒன்றையும் அதே அஞ்சலில் சேர்த்தனுப்புங்கள். எல்லாருக்கும் அனுப்புமுன் உங்களுக்கே அனுப்பி, ஜிமெயில், அவுட்லுக், கைப்பேசி ஆகியவற்றில் திறந்து பாருங்கள். படங்களை நிறுத்திவிட்டும் ஒருமுறை பாருங்கள். நாளைக்குப் பள்ளி உண்டா, இல்லையா என்பது அப்போதும் ஒரு தாய்க்குப் புரிய வேண்டும். அதுதான் நல்ல அஞ்சல்.