2 வயதாகியும் பேச்சு வரலையா? அரசு ஆஸ்பத்திரியிலேயே இலவச பயிற்சி: சிறு ஊர் பெற்றோர் எங்கே போகலாம்?

"அவங்க அப்பனும் லேட்டாத்தான் பேசினான், தானா வந்துடும்." பேச்சு வராத குழந்தை உள்ள வீடுகளில் பெரியவர்கள் இப்படித்தான் சொல்கிறார்கள். சிலர் நாக்கில் வசம்பு தேய்த்து காத்திருக்கிறார்கள். இதிலேயே 2, 3 வருடம் ஓடி விடுகிறது.

தாமதமாக பேசும் குழந்தைகளும் உண்டு. ஆனால் 1½ வயதில் ஒன்றிரண்டு வார்த்தையும், 2 வயதில் "அம்மா வா", "பால் குடு" என்று இரண்டு வார்த்தை சேர்த்தும் பேசாவிட்டால் காட்டி விடுவதே நல்லது.

காது டெஸ்ட் முதலில்

காது கேட்காத குழந்தைக்கு பேச்சு வராது. அதனால் காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் முதலில் போக வேண்டும். குழந்தையை தூங்க வைத்து எடுக்கும் 'பெரா' டெஸ்டில் வலி கிடையாது. காது நரம்பு கருவி பொருத்தும் ஆபரேஷன் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதல்-அமைச்சரின் காப்பீட்டு திட்டத்தில் இலவசம். வயது தாண்டினால் வாய்ப்பு போச்சு.

யாரிடம் கேட்பது?

சிறு ஊர்களில் பேச்சு பயிற்சியாளர் கிளினிக் இருப்பது அபூர்வம். முதலில் அங்கன்வாடி டீச்சரிடம் சொல்ல வேண்டும். 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நல திட்டத்தில் டாக்டர் குழு வருடத்துக்கு 2 முறை அங்கன்வாடிக்கும், ஒரு முறை அரசு பள்ளிக்கும் வருகிறது. இந்த குழு எழுதி கொடுத்தால், மாவட்டத்தில் உள்ள குழந்தைகளுக்கான ஆரம்பநிலை சிகிச்சை மையத்துக்கு போகலாம். 18 வயது வரை பணம் கிடையாது. விவரம் தெரியாதவர்கள் 104-க்கு போன் செய்யலாம். பள்ளி பிள்ளைகளுக்கு வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள்.

பயிற்சியாளர் எந்த கிழமை வருவார் என்று விசாரித்து விட்டு பஸ் ஏறினால் ஒரு நாள் கூலி வீணாகாது.

போலிகள் உஷார்

தனியாரிடம் போனால், இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். "மருந்திலேயே பேச வைக்கிறேன்" என்பவர்களை நம்பி பணம் கட்ட வேண்டாம்.

வாரா வாரம் போக முடியாதவர்கள், பயிற்சியை செல்போனில் வீடியோ எடுத்து வந்து வீட்டில் தினமும் செய்யலாம். வாரத்தில் ஒரு மணி நேரம்தான் பயிற்சியாளர் கையில். மற்ற நேரமெல்லாம் அம்மா, அப்பா, பாட்டி பேசும் பேச்சுதான் பயிற்சி. செல்போனை குழந்தை கையில் கொடுத்து விட்டு உட்காராமல், சோறு ஊட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.