பிறர் கற்றுத்தரும்வரை காத்திருக்கலாமா?

பிழைப்பின் நிமித்தம் மும்பையிலும் டில்லியிலும் பெங்களூரிலும் குடியேறிய நம்மவர்களில், சிறிய நிறுவனங்களில் கணக்கு எழுதுகிறவர்கள் அநேகர். பி.காம். பட்டமும் டேலி பயிற்சியும் அவர்களுக்கு வேலை வாங்கித் தந்தன. ஆனால், அன்று கற்றது ஓய்வுபெறும் நாள்வரை போதுமா?

2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தபோது, சேவை வரி, வாட் என்று பல்லாண்டு பழகிய படிவங்கள் பலவும் பயனற்றுப்போயின. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் கடந்து செல்லும் சரக்குகளுக்கு இ-வே பில் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் வரி விகிதங்களும் பெரிதும் மாற்றியமைக்கப்பட்டன. ஒரே வேலையில் இருப்பவருக்கும் வேலை ஒன்றாக இருப்பதில்லை.

இம்மாற்றங்கள் இரவில் வரும் திருடனைப்போல் வருவதில்லை என்பதைக் கவனியுங்கள். இ-இன்வாய்ஸ் முறையையே எடுத்துக்கொள்வோம். 2020 அக்டோபரில் அது 500 கோடி ரூபாய்க்குமேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்கு மட்டுமே கட்டாயமாயிருந்தது. 2021 ஜனவரியில் அவ்வரம்பு 100 கோடியாகவும், ஏப்ரலில் 50 கோடியாகவும் இறங்கியது. 2022 ஏப்ரலில் 20 கோடி, அக்டோபரில் 10 கோடி, 2023 ஆகஸ்டு 1 முதல் 5 கோடி. ஆறு கோடி விற்றுமுதல் உள்ள நிறுவனத்தின் கணக்கருக்கு ஆயத்தப்பட ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கிடைத்தன. படிப்படியாய் இறங்கிவந்த வரம்பைக் கவனித்தவர் முன்னமே கற்றுக்கொண்டார். முதலாளி சொல்லட்டும் என்றிருந்தவரோ கடைசி வாரத்தில் தடுமாறினார்.

முதலாளியைக் குறைகூறிப் பயனில்லை. தம் நிறுவனத்திற்கு இன்று வேண்டியதையே அவர் கற்றுத்தருவார். புதிதாய்க் கற்று வந்த இளைஞர் கிடைத்தால் அதுவும் அவருக்குத் தேவைப்படாது. வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் நம் சம்பளத்தை நம்பியிருக்க, அடுத்த இருபது ஆண்டுகளைப்பற்றிய கவலை நம்முடையதல்லவா?

செய்யத்தக்கவை எளியவையே. மாதம் ஒருமுறை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் வெளியாகும் அறிவிப்புகளை வாசியுங்கள். ஆடிட்டர் வருகையில் கோப்பைக் கொடுத்துவிட்டு விலகாமல், அவர் எதை, ஏன் சரிபார்க்கிறார் என்று மரியாதையுடன் கேளுங்கள். 2017-ல் தொடங்கப்பட்ட 'ஸ்வயம்' இணையதளத்தில் பாடங்களை இலவசமாய்ப் படிக்கலாம். சான்றிதழுக்கான தேர்வுக்கே கட்டணம் உண்டு. பட்டம் இல்லாதவர்கள், 1985-ல் நிறுவப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வேலையை விடாமலே பி.காம். படிக்கலாம். வேலை நிச்சயம் என்று விளம்பரம் செய்யும் பயிற்சிகளுக்காகக் கடன் வாங்காதீர்கள். ஆண்டுதோறும் புதிதாய்க் கற்றதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். ஒரு பக்கமும் நிரம்பாத ஆண்டு உங்களை எச்சரிக்கும்.

வாரத்தில் இரண்டு மணி நேரம் போதும். அது குடும்பத்தின் நேரத்திலிருந்தே எடுக்கப்படுவதால், கணவனும் மனைவியும் கலந்துபேசி நாளையும் வேளையையும் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்காக வேலையை விட்ட மனைவியும் கூடவே அமர்ந்து கற்கட்டும். அவர் மீண்டும் வேலைக்குச் செல்லும் நாளில் அது உதவும். தந்தையும் தாயும் புத்தகத்தோடு அமர்ந்திருக்கும் வீட்டில், "படி, படி" என்று பிள்ளைகளை அதட்ட வேண்டிய அவசியமும் குறையும்.