மூன்று எழுத்தும் ஒரு திரையும்

பெங்களூரில் வளரும் தமிழ்ப் பிள்ளை ஆறு வயதிற்குள் மூன்று வகை எழுத்துகளைச் சந்தித்துவிடுகின்றது. பள்ளிப் பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடைபெறுகின்றது. மாநிலத்தின் 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி கன்னடம் முதல் வகுப்பிலிருந்தே கற்கவேண்டிய மொழி. தமிழோ வீட்டில் பேச்சாக ஒலிக்கின்றது; ஏடாக விரிவதில்லை. அல்சூரிலும் சிவாஜி நகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் பாட்டியோடு தடையின்றித் தமிழ் பேசும் பிள்ளைகள், அப்பாட்டிக்கு வந்த திருமண அழைப்பிதழைப் படித்துக் காட்ட இயலாது விழிப்பது நம்மவர்க்குப் புதிய காட்சியன்று. இந்நிலையில் கைப்பேசிச் செயலிகளும் இணையவழிப் பாடங்களும் தொடக்க வகுப்பிற்குள் புகுந்துள்ளன. அவை நம் பிள்ளைகளுக்கு உதவுமா, ஊறு செய்யுமா என்பதை நாம் ஆர அமர எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இக்கேள்வி நம் நகரில் நீதிமன்றம் வரை சென்றதுண்டு. 2020 மார்ச்சுத் திங்களில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. ஜூன் திங்களில் கர்நாடக அரசு, ஐந்தாம் வகுப்பு வரையுள்ள சிறார்க்கு இணையவழி வகுப்பு நடத்தலாகாது எனத் தடுத்தது. அத்திங்களின் இறுதியில் சிறிது தளர்த்தியது. பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். ஜூலை 8 அன்று உயர் நீதிமன்றம் அவ்வாணைகளை இடைக்காலமாக நிறுத்தி வைத்தது. சின்னஞ்சிறு பிள்ளையைத் திரைமுன் மணிக்கணக்கில் அமர்த்துதல் தகாது என்பது ஒரு தரப்பு. பள்ளியும் இல்லை, பாடமும் இல்லை என்று கைவிடுதல் கல்வி உரிமையைப் பறிப்பதாகும் என்பது மறுதரப்பு. இரண்டிலும் நியாயம் இருந்தது. ஆயினும் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் செல்வோர் இல்லங்களில் கைப்பேசி ஒன்றே. விடிந்ததும் அது தாயோடோ தந்தையோடோ வேலைக்குப் போய்விடும். அவ்வீட்டுப் பிள்ளைக்குத் தடையாணை வந்தாலென்ன, நீங்கினாலென்ன? அதே ஆண்டு ஆகஸ்டில் அரசு தொடங்கிய 'வித்யாகம' திட்டத்தில் ஆசிரியர்களே பிள்ளைகளைத் தேடிச் சென்றனர். கோயில் முற்றத்திலும் மரத்தடியிலும் பாடம் நடந்தது. தொற்றச்சத்தால் அக்டோபரில் அது நிறுத்தப்பட்டது. நல்ல முயற்சி நீடிக்காமற் போயிற்று.

பள்ளிகள் திறந்த பின்னரும் செயலிகள் அகன்றுவிடவில்லை. அவற்றின் தகுதியை எவ்வாறு அளப்பது? நாற்பது பிள்ளைகள் அமர்ந்த வகுப்பில் செயலி ஒன்று, நான்கு விடைகளைக் காட்டிச் சரியானதைத் தொடச் சொல்கின்றது. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் நான்கில் ஒரு முறை சரியாகும். உடனே மணி ஒலிக்கும், நட்சத்திரம் மின்னும். பிள்ளை மகிழ்கின்றது, ஆனால் கற்றதா என்பதை அம்மணியோசை சொல்லாது.

நம் நாட்டுத் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினர். 1789-இல் சென்னை எழும்பூரில் ஓர் ஆதரவற்றோர் பள்ளியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் அதனைக் கண்டு தம் பள்ளியிற் கைக்கொண்டார். முன்னே கற்ற பிள்ளை பின்னே வருவோர்க்குக் கற்பிக்கும் முறையையும் அதனோடு சேர்த்தார். 1797-இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலின் வழியே அது 'சென்னை முறை' எனப் பெயர்பெற்று இங்கிலாந்துப் பள்ளிகளிற் பரவிற்று. கருவி என்னவோ ஒரு பிடி மணல்தான். எழுத்தின் வடிவைப் பிள்ளை தன் கையாலே ஆக்கிற்று. பிழையைத் தோழன் கண்டு திருத்தினான். தொடுவதோடு நிற்கும் செயலியில் இவ்விரண்டும் இல்லை.

பெங்களூரின் அக்ஷரா அறக்கட்டளை இதனை உணர்ந்தே நடந்துள்ளது என்று தோன்றுகின்றது. கர்நாடக அரசுத் தொடக்கப் பள்ளிகளில் அது பரப்பிய கணிதத் திட்டத்தில் மணிச்சட்டம், கடிகாரம், நாணயம் போன்ற பொருள்கள் அடங்கிய பெட்டி முதலில் வருகின்றது. கையால் எண்ணி அறிந்ததை மீண்டும் பழகவே அவர்களுடைய 'பில்டிங் பிளாக்ஸ்' என்னும் இலவசச் செயலி. இறக்கி வைத்துக்கொண்டால் இணைய இணைப்பின்றியும் அது இயங்கும்.

நமக்கு இதனினும் நெருங்கியது ஒன்றுண்டு. பெங்களூரில் இயங்கும் பிரதம் புக்ஸ் என்னும் பதிப்பகம், 2015 செப்டம்பர் 8 அன்று 'ஸ்டோரிவீவர்' என்ற இணையக் கதைக் களஞ்சியத்தைத் திறந்தது. இன்று அதில் முந்நூறுக்கும் மேற்பட்ட மொழிகளில் படக்கதைகள் உள்ளன. கட்டணம் இல்லை, இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம், மொழிபெயர்க்கவும் உரிமையுண்டு. படிக்கும் திறனுக்கேற்ப நான்கு படிகளாகப் பகுத்துள்ளனர். ஒரே கதை பல மொழிகளிற் கிடைப்பதே நமக்கு வாய்த்த பேறு.

தமிழையும் கன்னடத்தையும் அருகருகே வைத்துப் படிப்பதில் என்ன பயன் என்று கேட்கலாம். கன்னடம் படித்துவரும் பிள்ளைக்குத் தமிழில் முதலில் இடறுவது ககரம். கன்னடத்தில் அவ்விடத்தில் நான்கு எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் ஓரொலி. தமிழிலோ ஒரே எழுத்து 'கடல்' என்பதில் வலிந்தும், 'தங்கம்' என்பதில் மெலிந்தும், 'அகல்' என்பதில் இன்னும் இளகியும் ஒலிக்கின்றது. எழுத்துக்கு ஓரொலி என்று காட்டும் செயலி இதனை மறைத்துவிடும். சொல்லாகக் கேட்டு, சொல்லாகப் படித்தால்தான் இது பிடிபடும். இன்னொன்று: பால், புலி, பல், பத்து என்பன கன்னடத்தில் ஹாலு, ஹுலி, ஹல்லு, ஹத்து ஆகின்றன. புலிக்கதை ஒன்றை இரு மொழியிலும் படிக்கும் பிள்ளை இதனைத் தானே கண்டுபிடிக்கும். கண்டபின் அடுத்த சொல்லை ஊகிக்கத் தொடங்கும். பழங்கன்னடத்திலும் ழகரம் இருந்தது, பின்னர் வழக்கிழந்தது என்று ஆசிரியர் சொல்லி வைத்தால், பிள்ளை அவ்வெழுத்தைப் புதிய கண்ணோடு நோக்கும். ஆனால் பிள்ளை 'பழம்' என்பதைப் 'பளம்' எனப் படித்தால், திரை அதனைக் கேட்டுத் திருத்தாது. கேட்கும் செவி ஆசிரியருடையது, அல்லது தாயுடையது. 2023-இல் யுனெஸ்கோ வெளியிட்ட உலகக் கல்வி அறிக்கையும் தொழில்நுட்பம் ஆசிரியர்க்குத் துணையாகலாமேயன்றி அவரிடத்தை நிரப்பலாகாது என்றே கருதுகின்றது.

ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு நடத்தும் அன்பர்கள் இதனை எளிதிற் செய்து பார்க்கலாம். ஆளுக்கொரு கைப்பேசி வேண்டுவதில்லை. ஆசிரியரிடம் ஒன்றும், சுவரில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் போதும். முதற்படிக் கதை ஒன்றை முன்னாளே இறக்கி வைத்துக்கொள்க. திரையில் ஒரு முறை எல்லோருமாக உரக்கப் படித்தபின் அதனை அணைத்துவிட்டு, அச்சிட்ட தாளை இருவருக்கு ஒன்றாகக் கொடுத்தால், பெரியவன் சிறியவனுக்குப் படித்துக் காட்டுவான். புதிதாய்க் கற்ற ஐந்து சொற்களைப் பலகையிலோ தட்டில் பரப்பிய மணலிலோ எழுதட்டும். 2020-இல் நடுவண் அரசு வகுத்த நெறிமுறை, எட்டாம் வகுப்பு வரையுள்ளோர்க்கு ஒரு நாளில் முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிட அளவில் இரண்டு இணைய வகுப்புகளே எல்லை என்றது. நம் கதைக்குப் பத்து நிமிடத் திரையே மிகுதி. அத்தாளைப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டு செல்லட்டும். கைப்பேசி வேலைக்குப் போயிருக்கும் பகலிலும் பாட்டியின் அருகே அமர்ந்து அதனைப் படித்துக் காட்டலாம்.