ஐந்தாம் மாதத்தில் வலியில்லாமல் கரு கலைந்ததா? ‘தையல்’ பற்றித் தெரிஞ்சுக்கோங்க

மொரப்பூர் ஆரம்ப சுகாதார நிலையமோ, தருமபுரி அரசு மருத்துவமனையோ, கர்ப்பிணிகள் முதல் செக்கப்பிலேயே சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. முன்பு ஐந்தாம் மாதம்போல், பெரிதாக வலிக்காமலே குழந்தை வெளியே வந்துவிட்டதா? அப்படியென்றால் கர்ப்பப்பை வாய் பலவீனமாக இருக்கலாம். பாரம் கூடக்கூட அது முன்கூட்டியே திறந்துகொள்ளும்.

‘படுத்தே இரும்மா, சரியாயிடும்’னு வீட்டில் சொல்வாங்க. அதனால் குறைப்பிரசவம் நின்றதற்கு ஆதாரம் இல்லை. காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும்.

கைகொடுப்பது தையல். சுருக்குப்பை வாயைக் கயிறு இழுத்துக் கட்டுவது மாதிரிதான். மும்பை மருத்துவர் வி.என்.ஷிரோட்கர் இதை 1955-ல் எழுதியது, சென்னையிலிருந்து வந்த ‘ஆன்டிசெப்டிக்’ இதழில்! வழக்கமாக 12-14 வாரத்தில் போட்டு, 36-37 வாரத்தில் பிரிப்பார்கள். எல்லாருக்கும் தேவைப்படாது. முன்பு கரு இழக்காதவருக்கு ஸ்கேனில் வாயின் நீளம் 25 மில்லிமீட்டருக்கும் குறைவு என்றால், பெரும்பாலும் புரோஜெஸ்டிரோன் மருந்துதான் முதலில்.

தையல் போட்ட பிறகு நீர் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ, விட்டுவிட்டு வலித்தாலோ விடியட்டும்னு காத்திருக்காதீங்க, 108-ஐ அழைங்க.