வாக்கியத்தை வெட்டும் கோடு

தமிழில் பயனிலையைத் தேடினால் கண் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசிக்குப் போகும். ஆங்கிலத்தில் அந்தப் பழக்கம் உதவாது. அங்கே பயனிலையைப் பிடிக்க, அமெரிக்காவின் புரூக்ளினில் ஆசிரியர்களாக இருந்த அலான்சோ ரீட், பிரெய்னர்ட் கெல்லாக் இருவரும் ஒரு வழி சொன்னார்கள்: வாக்கியத்தைப் படமாக வரையுங்கள். 1847இலேயே ஸ்டீபன் கிளார்க் சொற்களைக் குமிழ்களுக்குள் எழுதிக் காட்டியிருந்தார். 1877இல் வெளிவந்த தங்கள் பாடநூலில் ரீடும் கெல்லாக்கும் குமிழ்களை விட்டுவிட்டுக் கோடுகளுக்கு மாறினார்கள்.

முதலில் ஒரு படுக்கைக் கோடு. அதை ஊடறுத்து ஒரு செங்குத்துக் கோடு. இடப்பக்கம் எழுவாய், வலப்பக்கம் வினை. செயப்படுபொருள் இருந்தால், வினைக்கு அடுத்து இன்னொரு குத்துக்கோடு. ஆனால் அது படுக்கைக் கோட்டைத் தாண்டி இறங்காது. அடைமொழிகளெல்லாம் கீழே சாய்கோடுகளில் தொங்கும். ஊடறுக்கும் கோட்டுக்கு வலப்புறம் உள்ள அனைத்தும், அவற்றின் கீழே தொங்குவனவும் சேர்ந்ததே பயனிலை.

கோட்டை எங்கே போடுவது? காலத்தை மாற்றிப் பாருங்கள். 'தி பாய் ரைடிங் தி சைக்கிள் ரிங்ஸ் தி பெல்' என்பதை நேற்றைய செய்தியாக்கினால் 'ரிங்ஸ்' 'ரேங்' ஆகிறது, 'ரைடிங்' அசைவதில்லை. ஆகவே 'ரிங்ஸ்'தான் முதன்மை வினை. 'ரைடிங் தி சைக்கிள்' பையனுக்கு வந்த அடை.

சொல் வரிசை மாறினாலும் படம் மாறாது. 'டவுன் கேம் தி ரெயின்' என்பதில் எழுவாயான மழை கடைசியில் நிற்கிறது. படத்தில் அது இடப்பக்கம் வந்துவிடும். 'ஓபன் தி டோர்' முழுவதுமே பயனிலை; சொல்லப்படாத 'யூ' இடப்பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அமரும்.

தமிழில் 'இவர் ஆசிரியர்' என்றால் பெயரே பயனிலையாகி வாக்கியம் முடிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் 'இஸ்' இல்லாவிட்டால் கோட்டை அடுத்த இடம் காலி. வாக்கியம் குறை என்பது பார்த்ததுமே தெரியும்.

ஒருமை பன்மைக் குழப்பமும் இதில் தீரும். 'தி பாக்ஸ் ஆஃப் மேங்கோஸ்' என்று எழுதியதும் பக்கத்திலுள்ள மாம்பழங்களைப் பார்த்து 'ஆர் ஹெவி' என்று கை போகும். படத்தில் மாம்பழங்கள் பெட்டிக்குக் கீழே தொங்குகின்றன. கோட்டுக்கு இடப்புறம் மேலே இருப்பது ஒரே ஒரு பெட்டி. எனவே 'இஸ் ஹெவி'.